கண்மாய்க்குள் போன பாலம்

தெருமுனையில் தார் காய்ச்சுகிறார்கள். பீப்பாயின் அடியில் விறகு எரிகிறது. மதுரை மத்தியானத்தில் காற்று என்று ஒன்று இல்லாததால், புகை மேலே போக வழி தெரியாமல் ஒவ்வொரு வீடாக நுழைந்து பார்க்கிறது. எதிர்வீட்டம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிட்டார். நான் திறந்தே வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் இது ரோட்டு வாசனை. எனக்குத் தண்ணீர் வாசனை. பனங்கட்டைகளுக்குத் தார் பூசி வரிசையாகக் காயப்போட்டிருந்த ஒரு கண்மாய்க் கரை. முழங்கை வரை கறுப்பாகிப்போய், மூக்கு அரிக்கிறது, கொஞ்சம் சொறிந்துவிடு என்று என்னிடம் முகத்தை நீட்டிக்கொண்டு நின்ற ஒரு மனிதர்.

அவர் என் கணவர். அவர் கட்டிக்கொண்டிருந்தது ஒரு பாலம்.

பாலம் என்றால் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போவது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இது அப்படியல்ல. கரையில் தொடங்கி, தண்ணீருக்குள் நேராக நடந்துபோய், நடுக் கண்மாயில் வட்டமாக ஒரு மேடை போட்டு, அங்கேயே நின்றுவிடும். கல்யாணத்துக்கு முன்னால் அவர் கொழும்புப் பக்கம் ஒரு கடையில் வேலை பார்த்திருக்கிறார். அங்கே கடலுக்குள் நீண்டு நின்ற ஒரு மரப்பாலத்தில், சாயங்கால வேளைகளில் வெள்ளைக்காரர்களும் நம்மவர்களும் எந்த வேலையும் இல்லாமல் நடந்துபோய், கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்களாம். கடையைப் பற்றியோ முதலாளியைப் பற்றியோ அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பாலத்தைப் பற்றி மட்டும் பேசுவார். படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி, பலகைக்கு அடியில் அலை போகிற சத்தத்தை வாயால் செய்துகாட்டுவார்.

எங்கள் ஊர் பரவைக்கு மேற்கே, திண்டுக்கல் ரோட்டிலிருந்து வண்டிப்பாதை பிரிந்து போகிற இடம். எங்கள் ஊர் என்று சொல்லிவிட்டேன். அது நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊர்; பிறந்தது மதுரைக்குள். அந்த ஊருக்குக் கண்மாய்தான் தாய், தகப்பன், சாமி, சண்டை எல்லாம். ஐப்பசி கார்த்திகையில் நிறையும். தையில் மடை வழியாக இறங்கி வயலுக்குப் போய்விடும். சித்திரையில் வெடித்துக் கிடக்கும். அப்படிப்பட்ட ஒன்றில் போய்க் கடல்பாலம் கட்டுகிறேன் என்று ஒருவர் கரைமேலிருக்கும் அய்யனார் கோயில் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றால், சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"அக்கரைக்குப் போகாதுன்னா அப்பறம் எதுக்கப்பா பாலம்?"

"நடந்து போறதுக்குத்தான்."

"எங்க?"

"நடுத்தண்ணிக்கு."

"போயி?"

"நிக்கிறது. காத்து வாங்குறது. திரும்பி வாரது."

"இம்புட்டுத்தானா? எங்க வீட்டு எருமை தெனம் பாலமில்லாமயே போயி நின்னுட்டு வருதே!"

கரையே அதிர்ந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். சிரிக்காதவர் ஒருவர்தான்: அவருடைய அண்ணன், என் மூத்தார். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சிரிப்பு அடங்கட்டும் என்று இருந்துவிட்டுச் சொன்னார்.

"கட்டிக்க. ஆனா ஒண்ணு. கண்மாய்க்குள்ள நிக்கிறது எதுவும் ஊருக்குத்தான். கருவேல மரத்துக்கு என்ன சட்டமோ அதுதான் ஒம் பாலத்துக்கும். ஊருக்கு ஒரு அவசரம்னா ஊரு வெட்டும். அப்ப நீ வாயத் தெறக்கக் கூடாது."

அது அந்த ஊர்களின் பழைய வழக்கம். யார் போட்ட விதையில் முளைத்தாலும், கண்மாய்க்குள் வளர்ந்த மரம் பொது மரம்.

"நல்லதாப் போச்சுண்ணே," என்றார் இவர். "நான் மட்டும் யாருக்குக் கட்டுறேன்?"

எனக்கு அந்தப் பாலம் வேண்டியிருந்தது. காற்று வாங்க அல்ல. அவரைக் கட்டிப்போட. கல்யாணமான பிறகும் அவர் சொல்லாமல் கிளம்பிப் போயிருக்கிறார். ஒருமுறை தூத்துக்குடி. ஒருமுறை எங்கே என்று வந்த பிறகும் சொல்லவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க நான் அடுப்படியில் உட்கார்ந்து வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். மூத்தாரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்வாள்: "எங்க கொழுந்தனுக்குக் காலுல சக்கரம். மத்தவளுகளப் புருசன் சாப்புட்டாச்சான்னு கேப்பாளுக. ஒன்னய ஊர்ல இருக்காகளான்னுதான்டி கேப்பாளுக." வேடிக்கையாகத்தான் சொல்வாள். எனக்கும் குழந்தை என்று ஒன்று இல்லை, அவர் திரும்பிப் பார்த்து நிற்பதற்கு. ஆகவே தார் பூசினேன். ஆணி எடுத்துக் கொடுத்தேன். வைரம் பாய்ந்த பனைகளை அவருடைய பங்குத் தோப்பிலிருந்தே வெட்டினார். பலகைகளை மதுரை மரக்கடையிலிருந்து அவருடைய கூட்டாளி ராவுத்தர் அனுப்பிவைத்தார். ஒவ்வொரு கட்டை மண்ணில் இறங்கும்போதும் அவர் கால்தான் அந்த மண்ணில் இறங்குகிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. பாலத்தின் அடியில் தண்ணீர் வந்து சேர்ந்த சாயங்காலம் ஊரே கரையில் நின்றது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வயலுக்குப் போகிற நடை தெரியும், சந்தைக்குப் போகிற நடை தெரியும், பிணத்தின் பின்னால் போகிற நடையும் தெரியும். சும்மா போகிற நடை எவருக்கும் தெரியவில்லை. முதலில் அக்காதான் காலடி வைத்தாள். வைப்பதற்கு முன்னால் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்துப் பின்னால் வந்த ஆண்கள் செருப்பைக் கழற்றினார்கள். மேடையின் நடுவில் விளக்கு மாட்டுவதற்காக அவர் ஒரு உயரமான கம்பம் நட்டிருந்தார். அது வரைக்கும் போன அக்கா, இனிமேல் போக இடமில்லை என்றதும், வேறென்ன செய்வாள், கம்பத்தை வலமாகச் சுற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். ஊர் முழுக்க அப்படியே சுற்றியது.

"அய்யோ மதினி, அது வெளக்குக் கம்பம்!" என்று கரையிலிருந்து கத்தினார் என் கணவர். சிரிப்பில் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

கார்த்திகையில் அக்காவின் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. மறுநாள் கம்பத்தில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. பொங்கலுக்குள் அதற்கு நடுத்தண்ணியம்மா என்று பேரும் வந்துவிட்டது.

அதற்கப்புறம் வந்த மழைக்காலங்களை நான் வரிசையாகச் சொல்ல மாட்டேன். சந்தோஷத்துக்கு வரிசை கிடையாது. மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஜட்கா வண்டிகள் வரும். கோலிசோடா உடைகிற சத்தம், முறுக்குப் பொட்டலம், யாரோ தலையில் சுமந்து வந்த கிராமபோன். பெருநாளுக்கு மறுநாள் ராவுத்தர் வீட்டுப் பெண்கள் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு வருவார்கள். மேடையில் நின்றதும் துப்பட்டி காற்றில் உப்பும். தூரத்திலிருந்து பார்த்தால் கொக்குக் கூட்டம் எழும்பப் போகிற மாதிரி இருக்கும். ராவுத்தர் என் கணவரின் தோளில் கை போட்டுக்கொண்டு, "மாப்ள, மதுரைக்குக் கடல் இல்லங்கிற கொறையத் தீத்துவச்சிட்ட. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி," என்பார்.

கூட்டம் போன பிறகு நாங்கள் இருவரும் நடப்போம். ஊரில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி பின்னால் போவாள். தெரு அப்படி, வரப்பு அப்படி. வரப்பில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கவும் முடியாது. பாலத்தை அவர் இரண்டு பேர் அகலத்துக்குப் போட்டிருந்தார். அதில் நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் நடந்தேன். எங்கேயும் போகாத பாதையில் யார் முன்னால் போய் என்ன? பலகைக்கு அடியில் தண்ணீர் சின்னதாகத் தட்டும். கொழும்புக் கடல் அலையை வாயால் செய்துகாட்டுவதை அவர் நிறுத்திவிட்டிருந்தார். அதை நான் கவனித்தேன். ஒரு மழைக்காலம் போய், அடுத்தது போய், அதற்கடுத்ததும் போயிற்று. அவர் வீட்டில் இருந்தார். ஊர்ல இருக்காகளா என்று என்னைக் கேட்பவர்கள் யாரும் இல்லை.

பிறகு யுத்தம் வந்தது. அதே நேரம் மழை வராமல் போனது. முதல் வருஷம் கண்மாயில் பாதி. அடுத்த வருஷம் மாடு குளிக்கிற அளவு. அதற்கடுத்த வருஷம் ஒன்றுமே இல்லை. வெடித்த களிமண்ணுக்கு மேல் பாலம் ஒரு பெரிய மரவட்டை செத்துக் கிடப்பது போலக் கால்களோடு நின்றது. நிழலுக்கு ஆடுகள் அதன் அடியில் படுத்துக்கொண்டன. மதுரையிலிருந்து யாரும் வரவில்லை. பர்மா அரிசி நின்றுபோன காலம் அது. சோற்றுக்கு வழி தேடுகிறவர்கள் காற்று வாங்க வருவார்களா?

அவர் மட்டும் போனார். சாயங்காலம் ஆனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். நானும் போவேன். கீழே தண்ணீர் இல்லாததால் எங்கள் காலடிச் சத்தம் வேறு மாதிரி கேட்டது, காலி வீட்டில் நடப்பதைப் போல.

"தண்ணி வரும்," என்பார்.

"வரும்," என்பேன்.

வரப்போகிறது என்றுதான் ஊரும் சொன்னது. புரட்டாசியில் மேற்கே மின்னத் தொடங்கியது. தண்ணீர் வந்தால் நிற்க இடமில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. தண்ணீர் பார்க்காத வருஷங்களில் மடைப் பலகை கறையான் அரித்து மாவாகியிருந்தது. கரை ஓரிடத்தில் சரிந்து உள்வாங்கிக் கிடந்தது. அதற்கு நெருக்கமாக முளை அடித்து, தழையும் மண்ணும் கொட்டி இறுக்க வேண்டும். மரம் வேண்டும். மூத்தாரும் இவரும் வண்டி பூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் ராவுத்தரிடம் கேட்டார்கள். அவர் கடையைத் திறந்து காட்டினாராம். "பாரு மாப்ள, மரத்தூள் கெடக்கு. மரம் இல்ல. இருந்ததெல்லாம் பட்டாளத்துக்குப் போயிருச்சு. வேணும்னா இந்தக் கல்லாப்பெட்டிய ஒடச்சுத் தாரேன்."

திரும்பி வரும் வழியில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை என்று வண்டி ஓட்டி வந்தவன் சொன்னான். ஆடுகள் அடியில் படுத்துக் கிடக்கிற அந்தப் பாலத்து மரத்தைத்தான் இருவரும் நினைத்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

ஊர்க்கூட்டத்துக்கு முந்தின நாள் நான் மூத்தாரிடம் போனேன். அவரிடம் நான் நேருக்கு நேர் நின்று பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, அக்காவிடம் சொல்வது போலச் சொன்னேன்.

"அதப் பிடுங்கிட்டா அவுக இருக்க மாட்டாக, அக்கா. போயிருவாக."

உள்ளேயிருந்து மூத்தார்தான் பேசினார்.

"எனக்குத் தெரியாதா ஆத்தா? கூடப் பொறந்தவன் நான்." வெற்றிலைப் பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது. "மடை நிக்காட்டி ஊரே போயிரும். எந்தம்பி கட்டுனதுன்னு நான் விட்டேன்னா, நாளைக்கு இந்தக் கரையில நின்னு நான் யாரப் பாத்து என்ன சொல்ல முடியும்?"

வெளியே வந்தேன். வீட்டில் இருந்த பூவையெல்லாம் எடுத்துக்கொண்டேன். எண்ணெய், திரி, மஞ்சள், குங்குமம். வறண்ட கண்மாய்க்கு மேலே அந்தப் பலகைகளில் தனியாக நடந்துபோய், விளக்குக் கம்பத்துக்குப் பூச்சூட்டி விளக்கேற்றினேன். எனக்கு அந்தக் கம்பத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. அதற்குத் தார் பூசியவளே நான்தான். ஆனால் சாமி நிற்கிற இடத்தில் ஊர் கை வைக்காது என்று நம்பினேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள். பின்னால் இன்னும் சில பெண்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. குலவை போட்டார்கள். காய்ந்த கண்மாயில் அந்தச் சத்தம் தட்டிக்கொள்ள எதுவுமில்லாமல் எங்கேயோ போனது.

மறுநாள் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டேவிட்டார். "சாமி இருக்கேப்பா அதுல?"

மூத்தார் தலையைத் தூக்காமல் சொன்னார்: "சாமிய நாம தொடல. அம்மா நிக்கிற கம்பம் நிக்கட்டும். நாம நடக்குற பலகையவும் அதத் தாங்குற கட்டையவும் எடுத்துக்கிருவோம்."

ஊருக்கு இது நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன், நியாயம்தான். அநியாயமாக இருந்திருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன்.

என் கணவர் வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முதல் பலகையை அவரேதான் நெம்பினார். மற்றவர்கள் உடைத்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, சட்டியில் போட்டுக்கொண்டே வந்தார். கரையிலிருந்து தொடங்கினார்கள். பாலம் நாளுக்கு நாள் கரையை விட்டு விலகி உள்ளே போனது. கடைசியில் மேடையும் போய், களிமண் வெளியின் நடுவில் அந்தக் கம்பம் மட்டும் நின்றது, இடுப்பில் மஞ்சள் துணியோடு.

எல்லோரும் கரையேறிய பிறகும் அவர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணனைப் பார்த்துக் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"நாளைக்கு எவனாவது வந்து, இந்தக் கம்பம் எப்படிய்யா நடுக் கண்மாய்க்குப் போச்சுன்னு கேட்டா என்னண்ணே சொல்லுவீக?"

மூத்தார் மண்வெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அந்த வருஷம் கண்மாய் நிறைந்தது. அவர் பலகைகள் மடையில் நின்று தண்ணீரைப் பிடித்தன. அவர் கட்டைகள் கரையைத் தாங்கின. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஊர் அவரைத் தூக்கிவைத்துப் பேசியது. பெண்கள் கரையில் நின்றே நடுத்தண்ணியம்மாவைக் கும்பிட்டார்கள், போக வழியில்லையே. அவர் தினமும் கரைக்குப் போனார். பாலம் தொடங்கிய இடத்தில் நிற்பார். நான் பக்கத்தில் நிற்பேன். தண்ணீரைப் பார்த்தாவது மனசு நிற்கும் என்று நினைத்தேன். ஒரு ராத்திரி, படுத்துக்கொண்டு, அவர் வாயால் அலைச் சத்தம் செய்தார். மெதுவாக, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து.

துறைமுக வேலைக்குப் பட்டாளத்தில் தச்சு தெரிந்த ஆள் எடுக்கிறார்கள் என்று ராவுத்தர் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதுதான். அதைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை சொல்லிக்கொண்டு கிளம்பினார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. "அடுத்த வருசம் மரம் கெடச்சதும் நானே நின்னு போட்டுத் தாரேன்டா," என்று மூத்தார் வாசலில் வந்து நின்று சொன்னார். அண்ணனின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு இவர் உள்ளே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் வதந்திகள். சிட்டகாங்கில் பார்த்ததாக ஒருவர். அங்கிருந்து கப்பல் ஏறியதாக ஒருவர். யுத்தம் முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்த நாட்களில், ராவுத்தர் ஒவ்வொரு ரயிலுக்கும் மதுரை ஜங்ஷனுக்குப் போய் நின்றார். பிறகு அவரும் போவதை நிறுத்தினார். நிறுத்தியதை என்னிடம் சொல்லவில்லை. நான் மதுரைக்கே வந்துவிட்டேன், எழுதிக்கொண்டும் சில வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டும். இத்தனை வயதுக்கப்புறமும் நெற்றியில் நான் பொட்டு வைக்கலாமா கூடாதா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வைத்திருக்கிறேன்.

அவர் போன காலை மழை ஓய்ந்திருந்தது. மூத்தாரே வண்டி பூட்டியிருந்தார். மாடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. தகரப்பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு என் கணவர் திரும்பி வந்தார். நான் வாசல்படிக்குக் கீழே இறங்கி நின்றேன்.

"இருந்தா என்ன?" என்று கேட்டேன்.

"இருந்து என்ன செய்யச் சொல்ற?"

"அதான் பெரியவுக போட்டுத் தாரேங்குறாகள்ல. மரம் வந்துரும்."

"வரும் வரும்."

"அப்ப இருங்க."

அவர் துண்டை எடுத்து உதறினார். மறுபடி தோளில் போட்டார். மாடு தலையை ஆட்டிச் சலங்கை குலுங்கியது.

"பாலம் இல்லாட்டி என்ன?" என்றேன். என் குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. "நான் இருக்கேன்ல?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலே, கண்மாய் இருக்கிற பக்கம் பார்த்தார்.

"வெயில் ஏறுது," என்றார். "நீ உள்ள போ."